படத்துல இன்னா வந்துச்சு?

போன மழைக்காலத்தில் என் தம்பி பெங்களூரு வேலைக்குப் போவதை நிறுத்தினான். தினமும் ஏறிப்போன காலை ரயிலின் சத்தம் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். மனச்சோர்வு என்றார் டாக்டர். அம்மா அதை நோயாகவே ஒப்புக்கொள்ளவில்லை.

“உங்கப்பாவுக்கு எக்ஸ்ரேல நெஞ்சு பூரா வெள்ளையா தெரிஞ்சுது. அது நோவு. இவனுக்கு இன்னா தெரியுது?”

அப்பா சுரங்கத்தில் பாறைத்தூளைச் சுவாசித்து, இருமி இருமிச் செத்தவர். நோய் என்றால் படத்தில் தெரிய வேண்டும் என்று தம்பியும் நம்பினான். பெங்களூருவில் ஓர் ஆய்வுக்கு ஆள் தேடுகிறார்கள் என்றதும் சம்மதித்தான். மனச்சோர்வு உள்ள சிலருக்கு மூளையில் அழற்சி இருக்கலாம், ஸ்கேனில் அதைப் பார்க்க முயல்கிறோம் என்றார்கள். எங்கள் வீட்டில் அது ‘மூளை வீக்கம்’ ஆனது. அம்மா அவன் தலையைத் தடவிப் பார்த்தாள்.

“எங்கடா வீங்கிக்குது? தலகாணி அழுத்துன தடம்தான் கீது.”

துணைக்கு நான் போனேன். கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றி எந்திரத்துக்குள் அனுப்பினார்கள். படங்களைப் பார்த்துவிட்டு ஆய்வு டாக்டர் வந்ததும் தம்பி எழுந்து நின்றான்.

“அழற்சி இருக்கா மேடம்?”

“உங்க ஒருத்தர் படத்த வெச்சு அதச் சொல்ல முடியாது சார். நிறைய பேர் படத்தச் சேர்த்து ஒப்பிடணும். முதல்லயே சொன்னோமே.”

“கட்டி, கிட்டி?” என்றேன் நான்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல,” என்று சிரித்தார்.

நல்ல செய்திதான். தம்பியின் முகம் தொங்கிப்போனது.

ஊர் திரும்பும் ரயில் பங்காருபேட்டையில் நின்றது. அப்போது தம்பி சொன்னான்.

“அக்கா, ஒண்ணும் இல்லன்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லிடாத.”

“வேற இன்னா சொல்றது?”

“நீதான பேப்பர் ஆபீஸ்ல வேல பாத்து, சேதிக்குத் தலைப்பு போட்டவ. நீயே சொல்லு.”

யோசித்துப் பார்த்தேன். இருக்கிறது என்றால் பொய். இல்லை என்றாலும் பொய். தெரியவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் வீட்டில் அதற்கும் இல்லை என்றே பொருள்.

அம்மா வாசலிலேயே கேட்டாள்: “படத்துல இன்னா வந்துச்சு?”

“ஒண்ணும் தெரியலம்மா.” வாய் முந்திக்கொண்டது.

தம்பி செருப்பைக் கழற்றாமல் நின்றான். அம்மா அவனையே பார்த்தாள்.

“உங்கப்பாவுக்கும் மொதோ படத்துல ஒண்ணியும் தெரியல,” என்றாள்.

இதை அதுவரை எங்களிடம் அவள் சொன்னதே இல்லை. மகனை நம்பிவிட்டாளா, அப்பாவை நினைத்துப் பயந்துவிட்டாளா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தம்பிக்கும் புரிந்திருக்காது. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பின்னால் உள்ளே போனான்.