பொகை ஆவாத வூடு

விடிந்ததும் தீர்த்தம்மாள் அடுப்பங்கரைக்குப் போகமாட்டாள். ஏணியைச் சுவரில் சாய்த்து, ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறிவிடுவாள். சோலார் தகடுகளின் மேல் பனியும் சருகும் கிடக்கும். ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டுக் கிழக்கே மேகம் பார்ப்பாள். துணி, கணவர் சின்னராஜின் பழைய வேட்டியில் கிழித்தது. அதை வேறு யாராவது தொட்டால் போச்சு, வீடே அதிரும்.

"அழுத்தித் தேச்சா கண்ணாடி கீறிக்கும். வையி அப்பிடியே!"

வத்தல்மலையில் அவள் நடத்தும் விடுதியில் விறகடுப்பு இல்லை. சாண எரிவாயுவில்தான் சோறும் குழம்பும். ஜெனரேட்டர் இல்லை. குளிருக்கு நெருப்பு மூட்டிச் சுற்றி உட்காரலாம் என்று பெங்களூரிலிருந்து ஆசையாய் வருகிறவர்களுக்கு அதுவும் இல்லை. சுற்றுச்சூழலைக் காக்கிறீர்கள் என்று சிலர் மெச்சுவார்கள். அவள் கேட்டுக்கொள்வாள்.

"நல்லதுதாங்க. எங்க வூட்டுக்காரருக்குப் பொகை ஆவாதுங்க" என்பாள்.

கல் குவாரியில் வருஷக்கணக்காய்க் குடித்த தூசு சின்னராஜின் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. மூக்கில் குழாயோடு முன்னறைக் கட்டிலில் சாய்ந்திருப்பார். அந்த மூச்சு மெஷின் ஓடுவது மாடித் தகடுகளின் தயவில். மலைக்கு மின்கம்பி வந்திருக்கிறதுதான். ஆனால் காற்றுமழையில் ஒரு மரம் சாய்ந்தால் போதும், கரண்ட் எப்போது திரும்பும் என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது. அதனால் தீர்த்தம்மாள் எங்கே நின்றாலும் ஒரு காது அந்த அறையில்தான் இருக்கும். பேச்சை நடுவில் நிறுத்துவாள். மெஷின் சத்தம் காதில் விழுந்த பிறகே மிச்சத்தைச் சொல்வாள்.

போன ஐப்பசியில் அப்படித்தான் மரம் சாய்ந்தது. நாலைந்து நாளாய் மூட்டம். பிறகு நல்ல வெயில் அடித்தது. பாட்டரி நிறைந்துவிடும் என்ற தைரியத்தில் அவள் மருந்து வாங்கத் தருமபுரி போனாள். மாலை பஸ்ஸில் திரும்பி, வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். தகடுகளின் மேல் நீளமாய் ஒரு சேலை. சேலை நிறைய அவித்த சாமை.

"அடிப்பாவி! என்ன காரியம்டி பண்ணி வெச்சிருக்க?"

சமையலுக்கு உதவும் மலைக்காரப் பெண் கருப்பி வெளியே ஓடி வந்தாள்.

"கண்ணாடி நல்லா சுட்டுதுக்கா, சாமை சீக்கிரம் காயும். கோழியும் ஏறாது. கீறலு வுளக்கூடாதுன்னு நீ சொல்லுவியே, அதான் மெத்துன்னு இருக்கிற சேலையா பாத்து விரிச்சேன்."

தீர்த்தம்மாள் மேலே ஏறிச் சேலையைச் சாமையோடு சுருட்டினாள். கீறக்கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். நிழல் விழக்கூடாது என்று ஒரு தடவையாவது சொன்னாளா?

உள்ளே பாட்டரிப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் அறை அறையாய்ப் போனாள்.

"கோச்சிக்காதீங்க. லைட்டு, டிவி, போன் சார்ஜு எல்லாத்தையும் நிறுத்திடுங்க. இருக்கிறது அவரு மூச்சுக்கே பத்துமான்னு தெரியல."

"அவசரத்துக்கு ஒரு ஜெனரேட்டர் வெச்சிருக்கக் கூடாதா?" என்றார் ஒருவர்.

"பொகை ஆவாதுங்க" என்றாள். அன்று அவள் குரல் உடைந்துவிட்டது. கேட்டவர் எழுந்துபோய்த் தானே விளக்கை அணைத்தார்.

விடுதி இருட்டில் கிடந்தது. அவள் கட்டிலருகே உட்கார்ந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பயந்தாள், நன்றாகவே பயந்தாள். பாட்டரி குறைகிறதென்று மெஷின் இரண்டொரு தடவை கூவியது, நிற்கவில்லை. விடியும்வரை ஓடிக் காப்பாற்றிவிட்டது.

காலையில் வெயில் வந்தது. அழுது வீங்கிய முகத்தோடு கருப்பி ஏணியடியில் நின்றாள்.

"நான் நின்னுக்கிறேன்க்கா. வேற ஆளப் பாத்துக்க."

"மேல வாடி."

கருப்பி தயங்கித் தயங்கி ஏறினாள். தீர்த்தம்மாள் தன் உள்ளங்கையைத் தகட்டின் மேல் பிடித்து, விழுந்த நிழலைக் காட்டினாள்.

"இவ்ளோ நெழலு வுழுந்தாலும் அவருக்கு மூச்சு கொறையும். தெரிஞ்சிதா?"

கருப்பி தலையாட்டினாள்.

தீர்த்தம்மாள் தன் தோளில் கிடந்த வேட்டித்துணியை எடுத்தாள். ஒரு தரம் உதறி, கருப்பியின் தோளில் போட்டாள்.