பித்தளை முள்

கண்ணாடிக்காரர் இந்தக் கதையை ஆரம்பிக்கும்போது முதலில் தன்னைத்தான் திட்டிக்கொள்வார். கண் பரிசோதனைக்கு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் எழுத்துப் பலகையைப் பார்த்து, "கடைசி வரி தெரியலைங்க" என்று சங்கடப்படுவார். "அதுக்கு ஏன் வருத்தப்படறீங்க? மூக்குக்கு நேரா இருந்த முள்ளே எனக்குத் தெரியலை. நான் உங்களுக்குப் பவர் பாக்கறேன், நீங்களும் நம்பி உக்காந்திருக்கீங்க" என்பார் இவர். எழுந்து போய்விடலாமா என்று வந்தவர் யோசிப்பதற்குள் கதை பாதி ஓடியிருக்கும்.

கடைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை. அந்த ஒரு நாளையும் கண்ணாடிக்காரர் ஏரிக்கு எழுதி வைத்திருந்தார். பெரிய மீன்பிடிக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பிடித்ததைவிடப் பேசியதுதான் அதிகம். கரையில் உட்கார்ந்து தூண்டிலைப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஆள் இருந்தால் ஆளிடம், இல்லாவிட்டால் தண்ணீரிடம் பேசிக்கொண்டே இருப்பார். வெறுங்கையோடு வீடு திரும்பும்போது காரணம் மட்டும் கூடை நிறைய இருக்கும்.

காரணங்களுக்கு ஒரு கருவியும் கிடைத்தது. பழைய சாமான் கடையில் அழகாக இருக்கிறதே என்று, காற்றழுத்தம் காட்டும் ஒரு பாரமானியை வாங்கிவந்து, கூடத்துச் சுவரில் சுவிட்சுப் பலகைக்கு மேலே மாட்டினார். தட்டு மாதிரி வட்டமாக, மரச்சட்டம் போட்டது. உள்ளே இடப்பக்கம் புயல், மழை என்றும், நடுவில் மாற்றம் என்றும், வலப்பக்கம் தெளிவு என்றும் எழுதியிருக்கும். நடுவிலிருந்து ஒரு பித்தளை முள் பளபளவென்று நீண்டிருக்கும். அதன் அடியில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடும் இருந்தது. அது கண்ணாடியில் விழுந்த கீறல் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். ஒருநாள் அந்தக் கீறல் இடம் மாறியிருந்ததை அவரே கவனித்தார். வெளிச்சம் விழும் கோணம் மாறினால் அப்படித்தான் தெரியும் என்று அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவர் தனக்கு மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை. கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண் மங்கல் என்றால் வியாபாரம் என்ன ஆவது என்பது அவர் கவலை.

சாஸ்திரம் இதுதான். முள் வலப்பக்கம் தெளிவில் நின்றால் காற்றழுத்தம் அதிகம், மீன் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், போவது வீண். முள் இடப்பக்கம் மழையை நோக்கி இறங்கினால், மழைக்கு முன்னால் வயிற்றை நிரப்பிக்கொள்ள மீன் முண்டியடித்து வரும். இதோடு நிலாக் கணக்கு வேறு. பௌர்ணமியன்று மீன் ராத்திரி முழுக்க வெளிச்சத்தில் மேய்ந்துவிட்டுப் பகலில் ஏப்பம் விட்டுக்கொண்டிருக்குமாம். தேய்பிறையில், அமாவாசைக்கு நெருக்கத்தில், முள்ளும் இறங்கினால் அன்றைக்கு ஏரியே துள்ளுமாம். ஏரிக்கரையில் அவருக்கு ஜோசியர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது மரியாதைக்கு வைத்த பெயர் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி அதிகம் பேசமாட்டாள். மனசில் இருப்பது முகத்தில் தெரியாத அழுத்தக்காரி என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். ஞாயிறு விடிந்ததும் அவர் பாரமானி முன்னால் நின்று, "இன்னைக்கு ஏறிக் கெடக்கு, போய்ப் பிரயோஜனமில்ல" என்று அலுத்துக்கொண்டால், அவள் "அப்படியா?" என்பாள். "ஆகா, இறங்கிடுச்சு!" என்று தூண்டிலைத் தூக்கினாலும் அதே "அப்படியா?"தான். காற்றின் அழுத்தத்தை அளந்தவர் வீட்டுக்குள் இருந்த அழுத்தத்தை அளக்கவில்லை. இதையும் அவரே சொல்லிச் சிரிப்பார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் மகளும் மாப்பிள்ளையும் சில வாரம் தங்குவதற்கு வந்தார்கள். மாப்பிள்ளைக்கும் தூண்டில் பழக்கம் உண்டு. சாப்பிடும்போது மாமனார் நிலாவில் ஆரம்பித்து முள்ளில் வந்து முடித்தார். சோறு ஆறிப்போயிற்று.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது மாமா. நேரம் கெடைச்சா போவேன். இருந்தா மாட்டும்" என்றார் மாப்பிள்ளை.

பெண்ணைக் கொடுத்த இடத்தில் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் அந்த நொடியில் கண்ணாடிக்காரருக்கு மறந்துபோயிற்று. "மாப்பிள்ளை, நான் குறிக்கிற நாள், நான் குறிக்கிற நேரம். ரெண்டு பேரும் போவோம். என்னைவிட ஒரு மீன் நீங்க கூடப் பிடிச்சிட்டா, இனிமே நான் தூண்டிலைத் தொடமாட்டேன்!"

"அப்பா, எதுக்கு இதெல்லாம்?" என்றாள் மகள். மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள்.

சொன்னபிறகுதான் தூண்டில் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தார். அதில் உட்காரக்கூட இடமில்லாத மாதிரி இருந்தது. ஆனால் பாரமானி கைவிடவில்லை. முள் மழைப் பக்கம் இறங்கி, வாரம் முழுக்க இம்மி அசையாமல் நின்றது. தேய்பிறை வேறு. "நிலையான இறக்கம்! இப்படி நான் பார்த்ததே இல்ல" என்று கையைத் தேய்த்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க வெயில் மண்டையைப் பிளந்தது. அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

ஞாயிறு காலையில் இரண்டு பேரும் ஏரிக்கரையில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்காரர் தக்கையைத் தண்ணீரில் போட்டதும் வாயைத் திறந்தார். அழுத்தம் குறைந்தால் மீனின் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்று விளக்கினார். மாப்பிள்ளை சிறிது நேரம் தலையாட்டினார். பிறகு, "மாமா, நான் கொஞ்சம் அந்தப் பக்கம் போய்ப் பாக்கறேன்" என்று நைசாகக் கழன்றுகொண்டார். தள்ளிப் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்து மூன்று மீன் பிடித்தார். மாமனாரின் தக்கை குளிப்பதற்கு வந்தது போல ஆடாமல் அசையாமல் மிதந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் மாப்பிள்ளைக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். கூடத்தில் நுழைந்ததும் பாரமானியைக் கழற்றி மாப்பிள்ளையிடம் நீட்டினார். "இந்தாங்க, நீங்களே வெச்சுக்குங்க. என்னை மண்ணைக் கவ்வ வெச்ச சனியன்."

மாப்பிள்ளை அதைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியில் விரலால் மெல்லத் தட்டினார். கறுப்புக் கீறல் துளி நகர்ந்தது. நடுவிலிருந்த குமிழைத் திருகினார். பித்தளை முள் சமர்த்தாக வட்டமடித்தது.

"மாமா… காத்துக்கு அசையறது இந்தக் கறுப்பு முள்ளு. பித்தளை முள்ளு நாம திருப்பி வெக்கிறது. நேத்து எங்க இருந்துச்சுன்னு அடையாளத்துக்கு. தானா நகராது."

கண்ணாடிக்காரர் பாரமானியை வாங்கிக் குமிழைத் தானும் திருகிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "தானா நகராதுன்னா, இத்தனை வருஷமா இதை யாரு நகத்தினது?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். மாப்பிள்ளை அத்தையைப் பார்த்துவிட்டு, அவசர வேலை வந்தவர் போல மீனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நழுவினார்.

"தொடைக்கும்போது கை பட்டுச்சு" என்றாள் மனைவி.

"எப்பவுமா?"

"மொதல் தடவை கை பட்டுச்சு. அன்னைக்கு நீங்க போகாம வீட்ல இருந்தீங்க. ஒழுகிட்டு இருந்த குழாயைச் சரி பண்ணீங்க. சேந்து உக்காந்து சாப்ட்டோம். நல்லா இருந்துச்சு. அப்புறம் எப்பவாச்சும் தோணினா அந்தப் பக்கம் திருப்பி வெப்பேன்."

"இறங்கினதெல்லாம்?"

"அது நீங்க வாய் ஓயாம பேசற வாரம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, வரவும் இல்லை. "அப்ப இந்த வாரம்? நான் தோக்கணும்னு பண்ணியா?"

"இந்த வாரம் தொடவே இல்லைங்க. போன வாரம் இவங்க வர்றதுக்கு முன்னாடி வீட்டைக் கழுவணும்னு உங்களை அனுப்ப இறக்கி வெச்சேன். அதோட சரி. ஜெயிக்கணும்னுதான் நெனைச்சேன். எந்தப் பக்கம் திருப்பினா ஜெயிப்பீங்கன்னு தெரியலை. பயந்து விட்டுட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. இன்னைக்கு இருங்கன்னு."

"கேட்டா இருந்திருப்பீங்களா?"

அவர் கையிலிருந்த பாரமானியைப் பழைய ஆணியிலேயே மாட்டினார். பதில் அவருக்கே தெரிந்தது.

சத்தியத்தைக் காப்பாற்றத்தான் செய்தார். அடுத்த ஞாயிறு வீட்டிலேயே இருந்தார். ஒழுகாத குழாயைக் கழற்றி ஒழுக வைத்தார். அடுக்கியிருந்த அலமாரியைக் கலைத்து அடுக்கினார். மனைவி வெங்காயம் நறுக்கும்போது பக்கத்தில் நின்று, இப்படி நறுக்கினால் கண் எரியாது என்று கடைசிவரை விளக்கிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அதே கதைதான். மகளும் மாப்பிள்ளையும் ஊருக்குக் கிளம்பியபோது, "அத்தை, நீங்க பாவம்" என்று மாப்பிள்ளை காதோடு சொல்லிவிட்டுப் போனாராம். பாரமானியை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது ஞாயிறு காலையில் மனைவி பாரமானி முன்னால் வந்து நின்றாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குமிழைப் பிடித்துப் பித்தளை முள்ளை மழைப் பக்கம் தள்ளினாள்.

"கிளம்புங்க."

"நான்தான் தொடமாட்டேன்னு சொல்லிட்டேனே."

"நீங்க சொன்னீங்க. நான் சொன்னேனா?"

தூண்டிலை அவள் எடுத்துக்கொண்டாள். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். ஏரிக்கரையில் ஜோசியர் வெறுங்கையோடும் ஜோசியர் வீட்டம்மா தூண்டிலோடும் வருவதைப் பார்த்து நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. தக்கையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப பாரு, வளர்பிறை முடிஞ்சு தேய்பிறையில என்ன ஆகும்னா…"

"உஷ்."

இத்தனை வருடத்தில் ஏரிக்கரையில் அவர் வாயை மூடியது அன்றுதான் முதல் தடவை. முதலில் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. அப்புறம் தண்ணீர் கரையில் மோதும் சத்தம் கேட்டது. இது எப்போதும் கேட்கிற சத்தம்தானா என்று ஆச்சரியமாக இருந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அவள் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் நிறைய நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த வாரம்தான் அவர் தனக்கென்று ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தார். ஒருவேளை அதனால்தான் தெரிந்ததோ என்னவோ.

தக்கை சட்டென்று முங்கியது. "இழு! இழு!" என்று எழுந்தார். தூண்டிலைத் தொடக்கூடாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கரையில் குதித்தார். அவள் நிதானமாக இழுத்தாள். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மீன் துள்ளிக்கொண்டு வந்தது.

அவள் மறுபடி தக்கையைப் போட்டாள். அவர் மறுபடி உட்கார்ந்தார். வெகுநேரம் சத்தமே இல்லை.

"என்ன, பேச்சையே காணோம்?" என்றாள், தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீதானே உஷ்னு சொன்னே."

"அதான் ஒண்ணு மாட்டிடுச்சே. இப்ப சொல்லுங்க. தேய்பிறையில என்ன ஆகும்?"

அவர் யோசித்துப் பார்த்தார். "தெரியலைம்மா" என்றார்.