சுமை கேட்ட ஜெனரேட்டர்

தொண்ணூறுகளில் கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தேன். மின்சாரம் நின்றால் ஓட வேண்டிய டீசல் ஜெனரேட்டர் என் பொறுப்பு. கட்டாமலே கைவிட்ட புதுக் கட்டடத்துக்கும் சேர்த்து வாங்கிய ராட்சத இயந்திரம் அது. எங்கள் தேவையோ சிறியது. அந்தச் சின்னச் சுமைக்கு இஞ்சின் சரியாகச் சூடேறாது. டீசலை மட்டும் குடிக்கும். எரியாத டீசல் கரியோடு கலந்து புகைக்குழாயின் மூட்டுகளில் கறுப்பாகக் கசியும். துடைத்தால் மறுபடி கசியும்.

"தேவைக்கு ஏத்த மாதிரி சின்ன ஜெனரேட்டர் செட் ஒண்ணு வாங்கிடலாம் சார். டீசலும் மிச்சம், இஞ்சினுக்கும் நல்லது" என்று மேலாளரிடம் கேட்டேன்.

"பெருசு இருக்கே, அப்புறம் என்ன பயம்? டீசல் மிச்சமாகணும்னா சும்மா ஓட்டிப் பார்க்கிற டெஸ்ட்ட குறைச்சிடுங்க லா."

குறைத்தோம். கசிவு குறையவில்லை.

ஒரு மத்தியானம் மின்சாரம் போனது. முப்பது கிலோமீட்டர் தள்ளி பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு ஃபோன் போட்டேன், அங்கேயும் இல்லை. அப்படியானால் சீக்கிரம் வராது. ஜெனரேட்டர் கிளம்பியது. ஒரு மணி நேரம் போனதும் அதன் ஓசை இருமலாக மாறியது. குழாய் கரும்புகை கக்கியது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமைத் தாதி ஓடி வந்தார். "அண்ணே, லைட் மங்குது! ரெண்டு பேரு மெஷின்லதான் மூச்சு விடுறாங்க!"

"லாண்டரி, கிச்சன், ஏர்கோன் ஒவ்வொண்ணா போடச் சொல்லுங்க, சிஸ்டர்."

"என்ன பேசுறீங்க? இருக்கிறதுக்கே திணறுது!"

"சுமை பத்தாமத்தான் திணறுது. நல்லா வேலை கொடுத்தா சூடேறி, கரி எரிஞ்சு போயிடும். ஆனா குழாய்ல தீ பிடிச்சா நிறுத்த வேண்டி வரும். அந்த ரெண்டு பேருக்கும் கையால காத்து அடிக்க ஆளுங்கள ரெடியா வைங்க."

அவர் திரும்பி ஓடினார். சுமை ஏற ஏற குழாயிலிருந்து தீப்பொறிகள் பறந்தன. தீயணைப்பானைப் பிடித்தபடி குழாயின் பக்கத்திலேயே நின்றேன். மெல்ல இருமல் நின்றது, புகை தெளிந்தது. பொழுது சாயும்போது மின்சாரம் வந்தது. நோயாளிகள் இருவரும் பிழைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை மேலாளரை அழைத்துக்கொண்டு கூரைமேல் ஏறினேன். குழாய் கூரையைத் துளைத்துப் போகும் இடத்தில் மரச்சட்டம் கரிந்து கிடந்தது. அதற்கு அடுத்தது ஆக்சிஜன் சிலிண்டர் அறை. அவர் குனிந்து கரியைத் தொட்டுப் பார்த்தார்.

"சின்ன செட்டுக்கு ஆர்டர் போடுங்க" என்றார்.

அது வந்த பிறகு டீசல் செலவு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் அதன் முதல் சோதனை முடியும்வரை நான் புகைக்குழாயைப் பார்த்தபடி கூரைமேல்தான் நின்றிருந்தேன்.