என் ஆளு மேல கீறான்

மேனேஜர் சார், ஃபோர்க்லிஃப்டில் மாட்டி ஆள் ஏறி நிற்பதற்கென்றே வாங்கிய இரும்புக் கூண்டை நீங்கள்தான் பூட்டி வைத்திருக்கிறீர்கள். ஆய்வுக்கு யாராவது வந்தால்தான் அது வெளியே வருகிறது. மற்ற நாட்களில் எலக்ட்ரீஷியனான நான், ஃபோர்க்லிஃப்ட் தூக்கிப் பிடிக்கும் மரப்பலகையில் நின்றுதான் திருவொற்றியூர் குடோன் கூரையில் விளக்கு மாட்டுகிறேன்.

அந்த வண்டியை ஓட்டியவர் குண்டு மனிதர். கழுத்தில் எப்போதும் ஈரத்துண்டு கிடக்கும். என்னை மேலே தூக்கிவிட்டால் சீட்டை விட்டு அசையமாட்டார். டீ வந்தாலும் தொடமாட்டார். அண்ணாந்து பேசிக்கொண்டே இருப்பார்.

“இன்னா நைனா, கீறியா? லைட்டு மாட்டப் போனியா, பொண்ணு பாக்கப் போனியா?”

“கீறேண்ணா. உன் டீ ஆறிப்போவுது பாரு.”

“ஆறட்டும். நீ எறங்கு, ரெண்டு பேரும் குடிக்கலாம்.”

ஒருநாள் நான் மேலே நிற்கும்போதே லாரி வந்தது. அவரை இறங்கிப்போய் ஷட்டரைத் திறக்கச் சொன்னீர்கள்.

“என் ஆளு மேல கீறான் சார். அவன் எறங்காம நான் எறங்கமாட்டேன்.”

மறுநாளே அவர் இடத்தில் வேறு ஆளைப் போட்டீர்கள். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே எனக்காகக் காத்திருந்தார்.

“புச்சா வந்தவன் உன்னாண்ட பேசுறானா, நைனா?”

“பேசுறாண்ணா” என்றேன். அவர் முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்வது? புது ஆள் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, போன் பேச வெளியே போய்விடுகிறான்.

சார், நாளை ஷிஃப்ட் மாறும்போது கேட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அவர் சீட்டை விட்டு இறங்காதது தப்பா? கூண்டின் சாவி யாரிடம் இருக்கிறது?