பசுவின் வாயில் கை விட்ட இருவர்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கொல்கத்தாவை அப்போது கல்கத்தா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் கிடர்பூரில் ஒரு பழைய வீட்டின் மாடிப் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். நான் மதுரைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்து, கால்நடை மருத்துவம் படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு, ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்தேன்.

என் ஆராய்ச்சி வெறிநோய் பற்றியது. வெறிநாய் கடித்தால் மனிதர்களுக்கு வருமே, அதேதான். ஆடு மாடுகளுக்கும் அது வரும். இறந்த விலங்கின் மூளையைக் கண்ணாடித் துண்டில் ஒற்றி, சாயம் ஏற்றி, இருட்டறையில் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்ப்பது என் அன்றாட வேலை. கிருமி இருந்தால் பச்சைப் பொட்டுகளாக மின்னும்.

இந்த வேலை எங்கள் கீழ்வீட்டு பௌதிக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பௌதி என்றால் அண்ணி. அங்கே அக்கம்பக்கத்துப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் கல்லூரியிலிருந்து திரும்பும்போது வாசலிலேயே நிற்பார். "இன்னிக்கு எந்த நாயோட மண்டையத் தொட்டுட்டு வர்ற? மொதல்ல போய்க் குளி, அப்புறம் என் வீட்டுப் பக்கம் வா" என்பார். என் மகளை மட்டும் தன் வீட்டிலேயே வைத்துச் சோறு ஊட்டி வளர்த்தார். என்னைக் கண்டால்தான் ஆகாது.

அந்த வருடம் காளி பூஜைக்கு மறுநாள். பூஜை விடுமுறை என்றாலும் எங்கள் கல்லூரி மருத்துவமனை திறந்திருந்தது. முற்றத்தைக் கடந்து போனபோது ஒரு பசு கழுத்தை நீட்டி, அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தொங்கியது. பீகாரிலிருந்து வந்து பால் வியாபாரம் செய்யும் அண்ணன் தம்பி இருவர் அதைப் பிடித்திருந்தார்கள். தம்பி நாக்கை இழுத்துப் பிடித்திருக்க, அண்ணன் முழங்கை வரை அதன் வாய்க்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது, நேற்றிலிருந்து எடுக்கப் பார்க்கிறோம், வரமாட்டேன் என்கிறது என்றார்.

வெறிநோய் வந்த மாடு பல சமயம் இப்படித்தான் இருக்கும். விழுங்க முடியாமல் எச்சில் வடிக்கும். பார்ப்பவர்கள் தொண்டையில் எதுவோ அடைத்திருக்கிறது என்று நினைப்பார்கள். எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் கத்திக் கையை எடுக்கவைத்தேன். இருவரையும் குழாயடிக்கு இழுத்துப்போய் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். அண்ணன் கையில் பல் கீறிய இடத்தில் தோல் உரிந்திருந்தது. தம்பி விரல்களிலும் வெடிப்புகள். ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். "இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம் தீதி" என்று சிரித்துக்கொண்டே, பசுவை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தீதி என்றால் அக்கா.

மறுநாள் பசு செத்தது. அவர்கள் வரவில்லை. மூளை எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. அடுத்த நாள் பிற்பகல் நான் இருட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடி முழுவதும் பச்சை. அவ்வளவு தெளிவாக நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மாடுகளில் வெறிநோய் பற்றிய அத்தியாயத்துக்கு மாதிரிகள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். என் பேராசிரியரும் எட்டிப் பார்த்துவிட்டு, உன் அத்தியாயம் பிழைத்தது என்று முதுகில் தட்டாத குறையாகச் சொன்னார். மருத்துவமனைக்கு அறிக்கை அனுப்பினோம். அதோடு நம் வேலை முடிந்தது என்றார் அவர்.

எனக்கு முடியவில்லை. நாற்காலியில் உட்கார முடியவில்லை. அந்த முழங்கை கண்முன்னால் வந்துகொண்டே இருந்தது. இந்த நோய் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் பிறகு எந்த மருந்தும் இல்லை. அதற்கு முன்னால் ஊசி போட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். இடையில் கிடைப்பது சில வாரங்களோ சில மாதங்களோ, யாருக்கும் தெரியாது. மருத்துவமனையில் அவர்கள் சொல்லியிருந்த விலாசம் இவ்வளவுதான்: கிடர்பூர், மரக்கடைக்குப் பின்னால் உள்ள கட்டால். கட்டால் என்றால் மாட்டுக்கொட்டகை. என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

அன்றே போனேன். லாரிகளும் கைவண்டிகளும் நெரிகிற தெருவைத் தாண்டி, சாணியும் வைக்கோலும் மிதிபடும் ஒரு சந்து. மாடுகள் வரிசையாகக் கட்டியிருந்தன. நான் நுழைந்ததுமே பேச்சு நின்றது. பசு செத்த வீடு எது என்று கேட்டேன். இங்கே எந்தப் பசுவும் சாகவில்லை என்றார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர் என்றேன். அப்படி யாரும் இல்லை என்று ஒரு பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள். நகரத்துக்குள் மாட்டுக்கொட்டகைகள் இருக்கக் கூடாது என்று அகற்றிக்கொண்டிருந்த காலம் அது. புடவை கட்டி, தோளில் பை மாட்டிக்கொண்டு கேள்வி கேட்கிற என்னைக் கணக்கெடுக்க வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள். நான் எவ்வளவு சொன்னேனோ அவ்வளவு சந்தேகம் கூடியது. கடைசியில் ஒருவர் என் முன்னாலேயே மூங்கில் தட்டியை இழுத்துச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். "ஏய், ஒரு எடத்துல உக்காரு. சொல்ல வேண்டியதச் சொல்லிட்ட. அவங்களுக்கு வேணாம்னா நீ என்ன பண்ணுவ?" என்றார் என் கணவர். எனக்கு உட்காரத் தெரியவில்லை.

காலையில் பௌதி படியேறி வந்துவிட்டார். ராத்திரியெல்லாம் மேலே என்ன நடை, கீழே தூங்க முடியவில்லை என்று சண்டைக்குத்தான் வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பௌதி முகம் மாறியது. முதலில், "அந்தக் கட்டால் பாலைத்தானே நாம குடிக்கிறோம்!" என்று நெஞ்சில் கை வைத்தார். காய்ச்சிக் குடித்த பாலால் ஒன்றும் வராது என்று விளக்கினேன். அடுத்த நிமிடம் செருப்பை மாட்டிக்கொண்டார். "வா. அந்தத் தண்ணிப் பால்காரனுங்களுக்கு நான் யாருன்னு தெரியும்."

அவர் சொன்னது உண்மைதான். பாலில் தண்ணீர் என்று அந்தச் சந்தில் வாரம் தவறாமல் சண்டை போடுகிறவர் அவர். நாங்கள் நுழைந்ததும் எல்லோரும் பாலுக்கு வந்த சண்டை என்று நினைத்து ஒதுங்கினார்கள். பௌதி நேராகத் தட்டிக்கு முன்னால் போய் நின்று வங்காளமும் இந்தியும் கலந்து கத்தினார்.

"இவ முனிசிபாலிட்டிக்காரி இல்லடா, என் வீட்டு மாடியில குடியிருக்கிறவ! நேத்து ராத்திரி பூரா உங்களுக்காக அழுதிருக்கா. உங்க பசுவுக்குப் பைத்திய நோய் இருந்திருக்கு. கை விட்டவன் யாரு? வெளிய வா!"

தட்டி விலகியது. அண்ணன் உள்ளேதான் இருந்தார். முதல் நாள் அப்படி யாரும் இல்லை என்று சொன்ன பெண் அவருடைய மனைவி.

விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. கைக் காயம் ஆறிவிட்டதே என்று காட்டினார். அப்போதெல்லாம் அரசு மருத்துவமனையில் வயிற்றைச் சுற்றித்தான் தினமும் ஊசி போடுவார்கள். அதைக் கேள்விப்பட்டிருந்தார். மாட்டுக்காரன் அதெல்லாம் போட்டுக்கொள்வதில்லை என்றார். நான் நோய் எப்படி வரும் என்று சொல்லச் சொல்ல அவர் தலை குனிந்துகொண்டே போனது. அவர் மனைவிதான் முடித்துவைத்தாள். "போகலன்னா இன்னிக்கு இங்க அடுப்பு எரியாது" என்றாள்.

தம்பி எங்கே என்று கேட்டேன். பீகாரிகள் சூரியனைக் கும்பிடும் சட் பண்டிகைக்காக முந்தின நாள்தான் ரயில் ஏறிப் பீகாருக்குப் போய்விட்டாராம். ரயிலிறங்கி, பஸ் பிடித்து, பிறகு நடந்து போக வேண்டிய கிராமம். போன் கிடையாது.

அண்ணனை டாக்ஸியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். பௌதி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். முதல் ஊசி போட்டார்கள். தினமும் வர வேண்டும் என்றார்கள். தலையாட்டினார். திரும்பும் வழியில் நான் தபாலாபீசில் தம்பிக்குத் தந்தி கொடுத்தேன். வெறிநோய், உடனே ஊசி போடவும் என்று. அந்தக் கிராமத்துக்கு அது எப்போது போகும், யார் படித்துச் சொல்வார்கள் என்று அங்கிருந்த ஊழியருக்கே தெரியவில்லை.

இரண்டாவது நாளும் அண்ணன் போனார். மூன்றாம் நாள் மருத்துவமனையில் விசாரித்தேன், வரவில்லை. சந்துக்கு ஓடினேன். ஊருக்குப் போய்விட்டார் என்றாள் மனைவி. எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை. முந்தின நாள் வந்து ஒன்றும் சாப்பிடவில்லை, ஊருக்கு என்று மட்டும் சொல்லி, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார் என்றாள்.

"பயந்து ஓடிட்டான்" என்றார் பௌதி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சில நாட்களில் அந்தக் கட்டாலையே காலி செய்துவிட்டார்கள். நான் போனபோது முளைக்குச்சிகள் பிடுங்கிய குழிகள்தான் இருந்தன. அந்தப் பெண் எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் இருந்த இருப்பை எப்படிச் சொல்வது? ஆய்வேட்டை எழுத உட்காருவேன். இரண்டு வரி எழுதுவேன், எழுந்துவிடுவேன். கல்லூரியில் போன் அடித்தால் திடுக்கிடுவேன். வீட்டில் யாராவது தண்ணீர் டம்ளரை எடுத்தால் அவர்கள் விழுங்கி முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த நோய் வந்தவர்களால் தண்ணீரை விழுங்க முடியாது. டம்ளரைக் கண்டாலே உடம்பு துடிக்கும். எங்கோ ஒரு கிராமத்தில் இரண்டு பேர் அப்படித் துடிக்கிறார்கள் என்று நினைப்பு வரும். இன்னும் இல்லை, அடுத்த மாதமாக இருக்கலாம் என்று வேறொரு நினைப்பு வரும். இரண்டாவதுதான் மோசம். தந்திக்குப் பதில் இல்லை. மேலும் ஒன்று அனுப்பினேன். அதற்கும் இல்லை. மாடுகளைப் பற்றிய அத்தியாயம் மிகவும் நன்றாக வந்திருக்கிறது என்றார் பேராசிரியர். அந்தப் பக்கங்களைத் திருப்பிப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பௌதியும் மாறிப்போயிருந்தார். வாசலில் நிறுத்திக் குளிக்கச் சொல்வதில்லை. "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்பேன். உள்ளே கூப்பிட்டு டீ கொடுப்பார். இரண்டு பேரும் சேர்ந்து குடிப்போம்.

ஹோலி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒருநாள் காலை, மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து பௌதி என் பெயரைச் சொல்லி அலறினார். சீப்போடு ஓடினேன்.

வாசலில் பால் கேன்கள் தொங்கும் ஒரு சைக்கிள். அதைப் பிடித்துக்கொண்டு அண்ணன். பக்கத்தில் தம்பி. இருவரும் கல்லுக்குண்டு மாதிரி நின்றார்கள். பௌதி அண்ணனின் தோளில் பளார் பளாரென்று அடித்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டேதான் அடித்தார்.

"ஏன் சொல்லாம ஓடின? இவ செத்துப் பொழைச்சா தெரியுமா?"

அண்ணன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார். இரண்டாம் நாள் ஊசிக்குப் போனபோது வழி தவறி வேறொரு வராந்தாவுக்குப் போய்விட்டாராம். அங்கே ஜன்னல் வழியாக ஒரு மனிதரைப் பார்த்திருக்கிறார். நர்ஸ் தண்ணீர் டம்ளரை நீட்ட, அந்த மனிதர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு துடித்ததைப் பார்த்திருக்கிறார்.

"நீங்க சொன்னப்ப நான் நம்பல தீதி. அதப் பாத்ததும் தம்பி நெனப்புதான் வந்துச்சு. நாக்கப் பிடின்னு அவன்கிட்ட சொன்னதே நான்தான். வீட்டுல துண்ட எடுத்துக்கிட்டு நேரா ஹௌரா ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறிட்டேன்."

ஊரில் தம்பி சிரித்திருக்கிறார். பண்டிகை வீட்டில் எல்லோர் முன்னாலும் அண்ணன் அவரைக் கட்டி இழுக்காத குறையாக மாவட்ட மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் படுத்து ஊசிகளை முழுக்கப் போட்டுக்கொண்டு, அறுவடை வரை அங்கேயே இருந்துவிட்டு, இப்போது நகரத்துக்கு வெளியே புதிய இடத்தில் மாடுகளைக் கட்டியிருக்கிறார்கள். என் தந்திகள் இரண்டும் போய்ச் சேரவே இல்லை.

தம்பி பனியனைத் தூக்கி, விரலால் தொப்புளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். அங்கே தழும்பு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் நான் ஒரு டாக்டர் மாதிரி குனிந்து பார்த்துத் தலையாட்டினேன். பௌதி உள்ளே போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். அவர்கள் இருவரும் அண்ணாந்து மடமடவென்று குடித்ததை நான் படியில் உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை பார்த்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் ஓர் இடத்தில் உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன்.

அதன்பின் ஆய்வேடு முடிந்தது. அதே நகரத்தில் வேலை கிடைத்து, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வந்தேன். இப்போது ஊசி வயிற்றில் போடுவதில்லை. தொலைபேசி இல்லாத கிராமமும் இல்லை. ஆனாலும் ஆய்வகத்தில் கண்ணாடி பச்சையாக மின்னுகிற ஒவ்வொரு முறையும், அந்த விலங்கை யார் யார் தொட்டார்கள், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தெரிகிறவரை என்னால் நாற்காலியில் உட்கார முடிவதில்லை. மேடத்துக்கு இது ஒரு வியாதி என்று மாணவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது என் காதில் விழத்தான் செய்கிறது. இந்த ஒன்று மட்டும் எனக்குக் குணமாக வேண்டாம்.