தண்ணீரில் விட்ட வாத்துக் குஞ்சுகள்

இன்று எங்கள் வீட்டில் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தக்காளி பறிக்கும் கூலி வேலையை விட்டுவிட்டு வாத்து முட்டை விற்கலாம் என்று அம்மா ஆன்லைனில் வாங்கிய குஞ்சுகள், காலையில் மாரண்டஹள்ளிக்கு பஸ் பார்சலில் வந்தன. பெட்டியைத் திறந்தபோதே சில செத்திருந்தன. மற்றவை சோர்ந்து கிடந்தன.

"பாவம், வெயில்ல வந்திருக்குதுங்க. தண்ணியில வுட்டா தெளிஞ்சிக்கும்" என்று அம்மா அவற்றைப் பெரிய குண்டானில் நீந்தவிட்டார். நான் கைதட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் நனைந்து நடுங்கின. விற்றவருக்கு போன் செய்தேன்.

"அய்யோ, தண்ணியில வுட்டீங்களா? தாய் வாத்து மேல இருக்கிற எண்ணெய் ஒட்டினாத்தான் குஞ்சு நனையாது. இதெல்லாம் மெஷின்ல பொரிச்சது பாப்பா. சீக்கிரம் பல்பு போட்டு சூடு காட்டுங்க."

துடைத்து, கூடையில் வைத்து, பல்பு போட்டோம். ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தது. கடைசிக் குஞ்சை அம்மா முந்தானையில் பொதிந்துகொண்டார்.

"நானே கொன்னுட்டன்டி" என்றார்.

வாத்து நீந்தும் என்று நான் படித்த எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எப்போதிலிருந்து என்று ஒன்றிலும் இல்லை. உங்கள் புத்தகத்தில் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.

அந்தக் குஞ்சும் போய்விட்டது. அம்மா பல்பை அணைத்துவிட்டார்.