ஐந்தடி லேமினேட்டரும் நாத்தனாரின் கையும்

தெருவில் அவளுக்குப் பெயர் போர்டு அக்கா. கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பெயர்ப் பலகை செய்து கொடுப்பது தொழில், அதனால் வந்த பெயர். ‘ஏன் அக்கா’ என்று வைத்திருந்தால் இன்னும் பொருந்தியிருக்கும். லிஃப்ட் பழுது பார்க்க வந்தவரோடு மூன்று மாடி ஏறி இறங்கி அந்த மனிதரைக் கேள்வியாலேயே துளைத்தவள் அவள். பல் டாக்டரிடம் வாயைப் பிளந்தபடியே “அது என்ன கருவி?” என்று கேட்கப் போய் நாக்கைக் கிழித்துக்கொண்டதும் உண்டு. நாளைக்கு நாலு பேரைக் குடையாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படிப்பட்டவள், போர்டுமேல் பிலிம் ஒட்டுகிற லேமினேட்டர் மெஷின் வாங்கக் கிளம்பினால் ஷோரூம்காரர்கள் கதி என்ன ஆகும்?

அவள் கடை இரண்டே அறை. முன்னறையில் பிரிண்டர், கம்ப்யூட்டர், அக்கா. பின்னறையில் ஒரு நீள மேசை, நாத்தனார். தனியாளாகி அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள், பதினோரு வருஷமாக அந்த மேசையை விட்டு நகரவில்லை. அக்கா வினைல் என்ற பிளாஸ்டிக் தாளில் அச்சடித்துச் சுருட்டி உள்ளே அனுப்புவாள். வெயிலிலும் மழையிலும் படம் வெளுக்காமல் இருக்க, அதன்மேல் கண்ணாடி மாதிரியான பிலிமை நாத்தனார் கையால் ஒட்டுவாள். ஒரு கையால் பிலிமைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் பிளாஸ்டிக் தகட்டை வைத்து அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். ஐந்தடி அகலத் துண்டு என்றால் மேசைமேல் பாதி உடம்பு படுத்துவிடும். அக்காவின் கணவர் ஏணியோடு போர்டு மாட்டப் போய்விடுவார். இந்த இரண்டு பேர் சண்டையில் தலையிடக் கூடாது என்பதைக் கல்யாணமான முதல் வாரமே தெரிந்துகொண்ட புத்திசாலி அவர்.

சண்டைக்குக் காரணம் எப்போதும் குமிழிதான். இரண்டு வருஷமாக, அதுவும் கறுப்பு, கருநீலம் மாதிரி அடர்ந்த நிறத்தில் அடித்த போர்டுகளில், ஒட்டி நாலைந்து நாள் கழித்துப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. கடைசியாக ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த பன்னிரண்டு போர்டும் அம்மை போட்ட மாதிரி திரும்பி வந்தன. கொண்டுவந்த வேன் டிரைவர் முன்னாலேயே அக்கா கத்திவிட்டாள்.

“உன் கை பட்டாலே இப்படித்தான்! கை கூட நடுங்குதா என்ன உனக்கு?”

நாத்தனார் பிளாஸ்டிக் தகட்டை மேசையில் வைத்தாள். அக்கா மறுபடி அடித்துப் போட்ட பன்னிரண்டையும் மறுநாள் ஒட்டிக் கொடுத்தாள். அவை பிற்பாடும் குமிழி கிளம்பாமல் தப்பிப் பிழைத்தன. ஒட்டி முடித்ததற்கு அடுத்த நாள், துணி மடிக்கிற நேரத்தில், சாதாரணமாகச் சொன்னாள்: “அண்ணி, வர்ற ஒண்ணாந்தேதிக்கு மேல நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். அவளும் ரொம்ப நாளாக் கூப்பிடறா.”

‘போகாதே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரெல்லாம் பேசுகிற போர்டு அக்காவின் வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அதற்குப் பதிலாக மூளை வேலை செய்தது. ஒட்டுகிற வேலையை மெஷின் பார்த்துக்கொண்டால் குமிழி வராது, சண்டையும் வராது, நாத்தனாரும் வீட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை. ஒன்றாம் தேதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அளவு டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

முதல் ஷோரூமில், மெஷினின் இரண்டு ரோலருக்கு நடுவே ஐந்து காகிதத் துண்டுகளை வரிசையாக வைத்து, ரோலரை இறக்கச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு துண்டாக இழுத்துப் பார்த்தாள். ஓரத்துத் துண்டுகள் அசையவில்லை, நடுத்துண்டு வழுக்கிக்கொண்டு வந்தது. “நடுவுல அழுத்தம் பத்தலையே. ஏன்?” என்றாள். சேல்ஸ்மேன் காபி வாங்கிவரப் போனவர் திரும்பவேயில்லை. இரண்டாவது இடத்தில் மெஷின் தங்கமானதுதான், ஆனால் கால்களைக் கழற்றினாலும் அவள் கடை வாசலில் நுழையாது. வாசலை உடைத்தால் என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். கடையை வாடகைக்கு விட்டவரின் முகம் ஞாபகம் வந்ததும் அந்த யோசனையை விட்டுவிட்டாள்.

மூன்றாவது இடத்தில் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் நிதானமாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மேல் ரோலர் லேசாகச் சூடாகுமாம், பசை இளகி நன்றாகப் படியுமாம். கால் மிதியை அழுத்தினால் ஓடும், எடுத்தால் நின்றுவிடும். ஐந்து காகிதத் துண்டும் ஒரே மாதிரி இறுகி நின்றன. ஓட்டிக் காட்டுவதற்கு அவர் வெளிர்நீல வானம் அச்சடித்த ஒரு துண்டை எடுத்தார்.

“வானத்துல எந்த மெஷினும் நல்லாத்தான் தெரியும். இந்தக் கறுப்புல ஓட்டுங்க,” என்று அக்கா பையிலிருந்து இரண்டு துண்டுகளை நீட்டினாள். ஒன்று அன்று காலையில் அடித்து, வழக்கம்போல இறுக்கிச் சுருட்டிக் கொண்டுவந்தது. இன்னொன்று போன வாரம் போன் நம்பரைத் தப்பாக அடித்துவிட்டு, வீணாய்ப் போயிற்றே என்று அலமாரிமேல் விரித்துப் போட்டிருந்த கழிவு. இரண்டும் மெஷினுக்குள் போய், அசையாத தண்ணீர் மாதிரி பளபளவென்று வெளியே வந்தன.

“எப்ப டெலிவரி எடுத்துக்கறீங்க மேடம்?”

“அஞ்சு நாள் கழிச்சுச் சொல்றேன்.”

“ஏன்?” என்றார் அவர். கேள்வி கேட்கிற முறை அவருக்கும் வந்தது.

“பபுள் உடனே வராது, மெதுவாத்தான் வரும். எனக்கில்ல தெரியும்!”

இரண்டையும் தன் கடைக் கதவின் கண்ணாடியில் ஒட்டினாள். காலையும் மாலையும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அவற்றின் முன்னால் நின்றாள். வாடிக்கையாளர்கள் அவளைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. நாலாம் நாள் காலையில் ஒரு துண்டில் பொடிப்பொடியாகக் குமிழி. இன்னொன்று வழவழவென்று அப்படியே இருந்தது. குமிழி வந்தது, ஷோரூமுக்குப் போன அன்று காலையில் அடித்த துண்டில்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. மெஷின் டப்பா என்று நினைத்தாள். பிறகு எங்கேயோ உதைத்தது. ஒரே மெஷின், ஒரே பிலிம், ஒரே கறுப்பு, அஞ்சு நிமிஷ வித்தியாசம். அப்படியானால் ஏன் இதில் மட்டும்? உடனே ஷோரூமுக்குப் போன் போட்டாள்.

“அடிச்சு எவ்வளவு நேரம் காய வச்சீங்க மேடம்?” என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

“எதுக்குக் காயணும்? தொட்டா மை ஒட்டலையே.”

“தொட்டாக் காஞ்ச மாதிரிதான் இருக்கும். மைக்குள்ள இருக்கிற ஆவி வெளியே போக ஒரு நாளாவது விரிச்சுப் போடணும். சுருட்டி வச்சா உள்ளேயே தங்கிடும். மேல பிலிமைப் போட்டு மூடிட்டா, அது பபுளாத்தான் கிளம்பும். மெஷின்ல ஒட்டினாலும் சரி, கையால ஒட்டினாலும் சரி.”

அக்கா போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பழைய பிரிண்டர் ஆமை, ஒரு போர்டு அடித்து முடிக்கவே பொழுது போய்விடும். ஒட்டுவது மறுநாள்தான். புதுசு வந்தது இரண்டு வருஷம் முன்னால். பிரிண்டர் நிற்பதற்குள் சுருள் பின்னறைக்குப் போய்விடும் என்று தன் சுறுசுறுப்பை எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருப்பாள்! பள்ளிக்கூடத்துப் போர்டுகள் இரண்டாம் முறை பிழைத்தது எப்படி என்றும் இப்போது விளங்கியது. அன்று கோபத்தில் அடித்துப் போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள், சுருட்டவே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பின்னறையில் நாத்தனார் மிச்சப் பிலிம்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள்.

“இங்க பாரு,” என்றாள் அக்கா. “தப்பு உன் கையில இல்ல. என் அவசரத்துல. மை காயறதுக்கு முன்னாடி உன்கிட்ட குடுத்திருக்கேன், ரெண்டு வருஷமா.”

நாத்தனார் நிமிரவில்லை. “தெரியும் அண்ணி.”

“தெரியுமா?”

“சுருளைப் பிரிச்சாலே மை வாசனை மூஞ்சியில அடிக்கும். வாசனை அடிச்சா பபுள் வரும், அடிக்காட்டா வராது. நீங்க நாள் முழுக்க பிரிண்டர் பக்கத்துலயே இருந்து உங்க மூக்கு மரத்துப் போச்சு. ஆரம்பத்துல ரெண்டு தடவை சொன்னேன். ‘வேலையைப் பாரு’ன்னீங்க.”

“மூணாவது தடவை சொல்லியிருக்கலாம் இல்ல?”

“நீங்க லிஃப்ட்காரரைக் கேப்பீங்க, பல் டாக்டரைக் கேப்பீங்க. எதிர்ல நின்னு ஒட்டறவளை மட்டும் ஒரு தடவைகூட ஏன்னு கேட்டதில்ல. கை நடுங்குதான்னுதான் கேட்டீங்க.”

அக்கா மேசையின் மறுபக்கம் போய் நின்றாள், ஒரு சுருள் பிலிமை எடுத்தாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“அப்ப மெஷின் வேண்டாம்னு சொல்லிடவா?”

“நல்லா இருக்கே! என் தோள்பட்டை என்ன இரும்பா? கட்டாயம் வாங்குங்க. கால் மிதி இருக்குதாமே, அதை நான் வந்து மிதிச்சுப் பாத்தப்புறம் வாங்குங்க.”

“நீ எதுக்கு... நீதான் போறியே?”

நாத்தனார் அவள் கையிலிருந்த சுருளை வாங்கி அடுக்கில் செருகினாள்.

“நான் போயிட்டா அதை யார் ஓட்டறது, நீங்களா? ஒரே வாரத்துல ஊர்ல இருக்கிற போர்டுக்கெல்லாம் அம்மை வந்துடும்.”

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சரி, சொல்லு. வேற என்னென்னல்லாம் நான் உன்னைக் கேக்காம விட்டேன்?”